வாசகர் கேள்வி – பதில்: வேலைக்குப் போகாமல் வேலை செய்கிறவர்கள்

வீட்டிலிருந்தே வேலை செய்வதில் உள்ள நன்மைகளையும் சங்கடங்களையும் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. இதில் வியப்பில்லை. பெங்களூருவில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டும் குடும்பங்கள் இங்கே தெருவுக்கு நான்காவது இருக்கும். பதில் எழுதும் நானும் பாலக்கோட்டுக்காரன். நான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு பெங்களூரு நிறுவனத்துக்கு வேலை பார்த்தவன். ஆகவே சில பதில்களில் சொந்தக் கதையும் கலந்திருக்கிறது.

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விருப்பமுள்ளவர்கள் சொந்த ஊரிலிருந்தே வேலை செய்யலாம் என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள். பி.ஜி. விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாகும் என்பதால் ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இது சரியான முடிவுதானா?
— வாசகர், மாரண்டஅள்ளி

பதில்: மிச்சமாகும் என்பதில் சந்தேகமில்லை. வாடகை, சாப்பாடு ஆகியவற்றோடு, வெள்ளி இரவு ஊருக்கு வருவதற்கும் ஞாயிறு மாலை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் காத்திருந்து, பேருந்தில் நின்றுகொண்டே திரும்பிப் போவதற்கும் ஆகும் பணத்தையும் உடல் அலுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஊருக்கு வருவதே லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் அறையைக் காலி செய்வதற்கு முன் அந்த அறிவிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பணியிடம் எது என்று அதில் குறிப்பிடுவார்களா, திரும்ப அழைத்தால் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள், ஊரைப் பொறுத்துச் சம்பளத்தை மாற்றும் விதி ஏதேனும் உண்டா என்ற மூன்றையும் மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெற்றுவிடுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்த ஒருவர், நான்கே மாதங்களில் புதிய மேலாளர் வந்ததும் மறுபடியும் முன்பணம் கட்டி அறை தேடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று வருமான வரி. வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு, உண்மையில் வாடகை கொடுப்பவர்களுக்கு, அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே உரியது. ஊரில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு பெங்களூரு பி.ஜி. ரசீதைத் தொடர்ந்து கொடுப்பது குற்றம். அப்பாவுக்கே உண்மையாக வாடகை கொடுத்து, அவர் அதைத் தம் வருமானத்தில் காட்டினால் சட்டப்படி அது செல்லும்; ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணையும் தர வேண்டும்.

இவை அனைத்தும் பணக்கணக்கு. உங்கள் கடிதத்தில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. அலுவலகத்தில் நாம் கற்பதில் பாதி, யாரும் நமக்கு என்று கற்றுக்கொடுத்தது அல்ல. பக்கத்து இருக்கைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசும் தொனி, மூத்தவர் ஒரு பிழையைத் தேடும் விதம், தேநீர் வேளையில் காதில் விழும் செய்தி ஆகியவற்றிலிருந்து நாமாகப் பொறுக்கிக்கொண்டதுதான் அது. வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வர வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, வரலாம். மாதத்தில் இரண்டு மூன்று நாள்கள் அலுவலகம் சென்று முகம் காட்டிவிட்டு வருவதாக நீங்களே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மாரண்டஅள்ளியிலிருந்து ஓசூர் வழியாக ரயிலே இருக்கும்போது அது பெரிய சுமையாக இருக்காது.

கேள்வி: திருமணமாகி ஓராண்டு ஆகிறது. சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்குப் பிரிவு வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். கணவர் ஓசூரில் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். நான் வீட்டிலேயே இருப்பதால், வரும் விருந்தாளிகளைக் கவனிப்பது, கேஸ் சிலிண்டர் வாங்குவது, மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என எல்லாம் என் தலையில் விழுகிறது. மீட்டிங்கில் இருக்கும்போதே அத்தை கதவைத் திறந்து "ஒரு நிமிஷம் வாம்மா" என்கிறார். சண்டை போடவும் மனமில்லை. என்ன செய்வது?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் அத்தை கெட்டவர் அல்லர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்கள், உங்கள் வேலை தெரியவில்லை, சிக்கல் அவ்வளவுதான். நம் பேச்சுவழக்கைக் கவனியுங்கள். 'மகன் வேலைக்குப் போகிறான்', 'மருமகள் வேலைக்குப் போகிறாள்' என்றுதான் சொல்கிறோம். நம் காதுக்கு வேலை என்பதே போவதோடு ஒட்டிக்கொண்ட சொல். உங்கள் கணவர் காலையில் குளித்து, சட்டை மாட்டி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்குகிறார். அந்த இறங்குதல்தான் அவருக்கு எட்டு மணிநேர விடுதலையை வாங்கித் தருகிறது. நீங்கள் வாசல்படி இறங்குவதில்லை. ஆகவே வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வேலைக்குப் போகவே இல்லை.

இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. கண்ணில் படும்படி ஏதாவது செய்ய வேண்டும். காலையில் கணவருக்குச் சாப்பாடு கட்டும்போதே உங்களுக்கும் ஒரு டப்பாவில் கட்டி வைத்துவிடுங்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் மதியம் ஒரு மணிக்கு நீங்கள் சமையலறைக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் வெளியே வர முடியும். டப்பாவைத் திறந்தால் இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடலாம். அதோடு, அந்த டப்பாவைப் பார்க்கும் அத்தைக்கு நீங்கள் 'போயிருக்கிறீர்கள்' என்பது சொல்லாமலே புரியும். வீட்டு உடையில் உட்காராமல், வெளியே கிளம்புவதுபோல் உடுத்தி, ஒன்பது மணிக்கு "போய்ட்டு வர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டே கதவைச் சாத்துங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நம் பகுதியில் பட்டுப்புழு வளர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளேயே தட்டு அடுக்கிப் புழு வளர்த்தார்கள். நோய் பரவி நட்டம் வந்த பிறகு, தோட்டத்தில் தனியாக வளர்ப்பு மனை கட்டினார்கள். இப்போது அந்த மனைக்குள் காலைக் கழுவாமல் யாரும் நுழைவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. நாலாம் தோல் உரித்து எழுந்த புழுவுக்கு இலை போடும் நாள்களில் அந்த வீட்டுக்காரியை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்துவதில்லை. "புழு இருக்குது" என்ற ஒரு சொல் போதும். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு மரியாதை தரத் தெரியாத ஊர் அல்ல இது. கணினி வேலைக்கு அந்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் ஒரு மனை வேண்டும்: தனி அறை, அது இல்லையென்றால், திரை போட்டு மறைத்த, சுவரைப் பார்த்த ஒரு மூலை.

ஒரே ஒரு பேச்சு நேரில் பேசியாக வேண்டும். அதைப் பேச வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் அது மருமகளின் குறையாகிவிடும். மகன் சொன்னால் வீட்டு ஏற்பாடாகிவிடும். மாமனாரின் மருத்துவமனை நாளுக்கு அவர் மாதம் ஒருமுறை விடுப்பு எடுக்கட்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறார். ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். அலுவலகம் வீட்டுக்குள் வந்ததால் இந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். உங்கள் கடிதம் வேறு விதமாகத்தான் சொல்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அதற்கிடையிலும் அடிக்கடி போய்வருகிறது. எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டும்? மின்கட்டணம் எவ்வளவு கூடும்?
— வாசகர், பர்கூர்

பதில்: கடைக்காரர் சொல்லும் அளவை வாங்குவதற்கு முன் நீங்களே கூட்டிப் பாருங்கள். லேப்டாப் சுமார் 60 வாட், ஃபைபர் பெட்டியும் வை-ஃபையும் சேர்ந்து 15 வாட், சாதாரண மின்விசிறி 75 வாட். மொத்தம் 150 வாட். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில், 12 வோல்ட் கணக்கில், 1,800 வாட்-மணி மின்சாரம் இருக்கும். மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்து, பேட்டரியை முழுவதும் வடியவிடாமல் பயன்படுத்தினால், மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,200 வாட்-மணி கிடைக்கும். அது எட்டு மணிநேரத்துக்குப் போதும். பராமரிப்பு நிறுத்தம் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நீடித்தாலும் சமாளித்துவிடலாம். ஆனால் ஃபிரிட்ஜையும் தொலைக்காட்சியையும் அதே இணைப்பில் போட்டுவிட்டு இன்வெர்ட்டர் நிறுவனத்தைக் குறைசொல்லக் கூடாது. லேப்டாப்பில் நல்ல பேட்டரி இருந்து, வை-ஃபை மட்டும் நின்றுவிடாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு, அந்தப் பெட்டிக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். சில மணிநேரம் தாங்கும்.

பலரும் மறந்துவிடும் ஒன்று: உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, கேபிள்காரர் தெருமுனையில் வைத்திருக்கும் கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால், இணையம் வராது. இணைப்பு வாங்கும் முன் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கரண்ட் போனால் உங்கள் பக்கத்துக் கருவி எத்தனை மணிநேரம் தாங்கும் என்பதுதான். வேகத்தைப் பற்றி அவரே சொல்வார். பதிவேற்ற வேகத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள், ஏனெனில் காணொலிக் கூட்டத்தில் உங்கள் முகமும் குரலும் போவது அந்த வழியில்தான். கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசி மாதங்களில் இடியோடு மழை வரும் மாலைகளில் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரே கோடையில் எனக்கு இரண்டு பெட்டிகள் புகைந்தன.

கட்டணத்துக்கு வருவோம். லேப்டாப்பும் மின்விசிறியும் நாளுக்கு ஒன்பது மணிநேரம் ஓடினால் ஏறக்குறைய 1.2 யூனிட் ஆகும். மாதம் 22 வேலைநாள்கள் என்றால், இரண்டு மாதக் கணக்கில் ஐம்பது யூனிட்டைச் சற்றுத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இது பெரிய தொகை அல்ல. குளிர்சாதனம் போடாதவரை.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டிலிருந்து வேலை தொடங்கியது மாசி மாதம். எங்கள் திண்ணையில் நான்கு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில், புளியோட்டை உடைக்கும் கட்டைச் சத்தம் என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாளம் போட்டது. "உங்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார். புளி என்றால் என்ன என்று விளக்க அப்போது நேரமில்லாததால், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒலிவாங்கியோடு கூடிய ஹெட்செட் ஒன்று வாங்கினேன். மேசை, நாற்காலிக்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

கேள்வி: என் மகன் நல்ல சம்பளத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். பெண் கேட்டுப் போன இடத்தில், "பையன் ஊட்டுலயேதான் இருக்கறாராமே" என்று இழுக்கிறார்கள். ஊரிலும் வேலை போய்விட்டது என்றே பேசுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
— ஒரு தாய், பென்னாகரம்

பதில்: அம்மா, ஊருக்குப் புரியவைக்க வேண்டியதில்லை; பெண் வீட்டாருக்குப் புரியவைத்தால் போதும். அதற்குச் சம்பளச் சீட்டும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதந்தோறும் பணம் ஏறுவதைக் காட்டும் பாஸ்புக்கும், நிறுவனம் தரும் படிவம் 16 என்ற வருமான வரிச் சான்றும் போதுமான சான்றுகள். இவற்றை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே எடுத்து வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அதே சமயம் அவர்கள் இழுப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நாளைக்கு நிறுவனம் திரும்ப அழைத்தால் குடித்தனம் பென்னாகரத்திலா, பெங்களூரிலா என்பது அந்தப் பெண்ணின் படிப்பையும் வேலையையும் பாதிக்கும் கேள்வி. அதற்கு உங்கள் மகனிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு லுங்கியோடு டீக்கடையில் நிற்பதையும் அவர் குறைத்துக்கொள்ளலாம். இடைவேளைதான் என்பது அவருக்கும் மேலாளருக்கும் மட்டுமே தெரியும்.

கேள்வி: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 25,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. பதிவுக் கட்டணமாக 3,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
— வாசகி, அரூர்

பதில்: கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்பவர் வேலை கொடுப்பவர் அல்லர். இதற்கு விதிவிலக்கு எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. இந்த மோசடியில் இரண்டாம் கட்டம் ஒன்றும் உண்டு. ஒப்பந்தம் என்று ஒரு தாளில் மின்னணு முறையில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பத்து நாள் தூக்கமில்லாமல் தட்டச்சு செய்து அனுப்பியதும் பிழை அதிகம் என்பார்கள். பிறகு வழக்கறிஞர் பெயரில், ஒப்பந்தத்தை மீறியதற்காக இத்தனை ஆயிரம் கட்டாவிட்டால் வழக்கு என்று ஒரு கடிதம் வரும். பயந்து கட்டுகிறவர்கள் நிறையப் பேர். டெலிகிராம் குழுவில் சேர்த்து, வீடியோவுக்கு விருப்பக்குறி போட்டால் 150 ரூபாய் என்று முதல் நாள் உண்மையாகவே அனுப்பி, நான்காம் நாள் ஐயாயிரம் கட்டினால் ஏழாயிரம் என்று ஆசை காட்டுவது இதன் தம்பி.

இவற்றைவிட ஆபத்தானது, 'உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்' என்பது. வேறு யாரிடமோ திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். காவல்துறை முதலில் தேடி வருவது உங்களைத்தான். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணிநேரத் தாமதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். உண்மையாகவே வீட்டிலிருந்து செய்யத்தக்க வேலை வேண்டுமென்றால், உங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. பில்களைக் கணினியில் ஏற்றும் வேலையை முதலில் கேட்டுப் பாருங்கள். டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்திருந்தால் போதும். சம்பளம் குறைவுதான், ஆனால் கொடுப்பவரின் முகம் தெரியும்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வரும்படி எங்கள் நிறுவனம் சொல்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்காது என்பது உண்மையா, அல்லது மிரட்டலா?
— வாசகர், ஓசூர்

பதில்: இதற்குப் பதில் ஆராய்ச்சியிலேயே கிடைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும், சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் அழைப்பு மையத்தில் 2010-இன் கடைசியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் ஒரு பகுதியினர் வாரம் நான்கு நாள்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். மற்றவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவது பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே அளவு நன்றாக வேலை செய்தவர்களை ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்திருந்தது. சோதனை முடிந்ததும் விருப்பம் கேட்டார்கள். வீட்டில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள்.

அதே நிறுவனத்தில், இம்முறை பொறியாளர்கள், கணக்கர்கள் போன்ற 1,612 பேரிடம் செய்த மற்றொரு சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. இவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டில் இருந்தார்கள். விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்விலோ மதிப்பீட்டிலோ எந்த வேறுபாடும் தென்படவில்லை.

ஆக, மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. எல்லா நாளும் வீட்டில் இருப்பவருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். காவேரிப்பட்டணத்து வாசகிக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. வீட்டாருக்கு ஆள் தெரிகிறது, வேலை தெரியவில்லை. மேலாளருக்கு வேலை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி அத்திப்பள்ளி வழியாக ஒரு மணிநேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய தூரம். நெரிசல் வேளையைத் தவிர்த்தால் இன்னும் விரைவாகப் போகலாம். மூன்று நாள் என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்றுக்கொள்வதே நல்லது. தருமபுரியிலிருந்து இதே கேள்வி வந்திருந்தால், ஒரு நாளாகக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள் என்றிருப்பேன்.

கேள்வி: என் மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. அதன்பின் வீட்டிலிருந்து வேலை தரும்படி கேட்கச் சட்டப்படி உரிமை உண்டா?
— வாசகி, ஊத்தங்கரை

பதில்: கேட்க உரிமை உண்டு, கட்டாயப்படுத்த உரிமை இல்லை. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் செய்யப்பட்ட திருத்தம்தான் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்பதையும் அதே திருத்தம் சேர்த்தது. பின்னர் வந்த 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆகவே விண்ணப்பத்தில் சட்டப் பிரிவைக் காட்டி அதிகாரமாக எழுதாமல், எந்தெந்த வேலையை எந்த நேரத்தில் முடித்துத் தருவீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை மாதங்களுக்கு என்பதையும் குறிப்பிடுங்கள்.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பணியிடம்' என்பதன் விளக்கத்துக்குள் வீடும் வருகிறது. இரவு பதினொரு மணிக்கு வேண்டாத காணொலி அழைப்பு வந்தால், அது உங்கள் வீடு என்பதால் அலுவலகத்தின் புகார்க் குழு கையை விரிக்க முடியாது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்துவிடலாம் என்று நினைத்தால், இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அம்மாவையோ அத்தையையோ பகல் நேரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்ட பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

கேள்வி: கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்து இடுப்பு வலி வந்துவிட்டது. கண்ணும் எரிகிறது.
— வாசகர், தருமபுரி

பதில்: கட்டிலை விடுங்கள். முழங்கை மேசை உயரத்தில் மடங்கியிருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்பை நான்கு தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டால் பாதி வலி போய்விடும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைவதால்தான் கண் எரிகிறது. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள். கால் மரத்துப்போனால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. இதுவரை குத்தகைக்கு விட்டிருந்தோம். இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் தோப்பை நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. நிறுவனம் ஆட்சேபிக்குமா? இரண்டையும் செய்ய முடியுமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வேறு நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது என்பதுதான் பெரும்பாலான பணி ஒப்பந்தங்களில் இருக்கும், சொந்த நிலத்தைப் பார்ப்பதை அது தடுப்பதில்லை. சிலவற்றில் வேறு எந்தத் தொழிலும் கூடாது என்று அகலமாக எழுதியிருப்பார்கள். அப்படியானால் ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் அது ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால், உங்கள் சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்வார்கள். வரி அறிக்கையில் அதைக் காட்ட மறக்கக் கூடாது.

முடியுமா என்ற கேள்விக்கு, ஆண்டில் பத்து மாதங்கள் முடியும் என்பதே என் பதில். மருந்தடிப்பு, உழவு, பூவெடுக்கும் காலத்துக் காவல் ஆகியவற்றை அப்பா பார்த்துக்கொள்வார். காலையும் மாலையும் நீங்கள் ஒரு சுற்று சுற்றி வரலாம். உண்மையில் ஊரிலிருந்து வேலை செய்வதில் எனக்கு மிகப் பிடித்தது அந்தக் காலைச் சுற்றுதான். பெங்களூரில் அந்த நேரத்தில் நான் பேருந்தில் நின்றுகொண்டிருப்பேன். மாங்காய் அறுப்பில்தான் சிக்கல். எங்கள் பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் நாளில் நான் இரண்டையும் செய்யப் பார்த்தேன். வண்டி எடைமேடை ஏறும் நேரத்தில் வாராந்திரக் கூட்டம் தொடங்கியது. காதில் ஹெட்செட்டோடு எடைச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் காலி வண்டியின் எடை தப்பாக ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்து அப்பாதான் கண்டுபிடித்தார். அதற்குள் வண்டி காயை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதும் எனக்கு நினைவில்லை.

அறுப்புத் தேதியை வியாபாரி ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவார். அன்றைக்கே மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, எடைமேடைக்கு நீங்களே போங்கள். ஹெட்செட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.